கெம்பம்மாவின் செல்ஃப் மோட்டார்

உத்தனப்பள்ளியில் கெம்பம்மாவுக்கு ஒருத்தரையும் பிடிக்காது என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். அது சரியில்லை. பிடிக்காமல் போவதற்கும் ஒருவரைப் பற்றிக் கொஞ்ச நேரமாவது நினைக்க வேண்டும். கெம்பம்மா அந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை. ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள், மூக்கை லேசாகச் சுருக்குவாள், அதோடு அந்த ஆள் தீர்ந்தான். மணியக்காரர், பூசாரி, ஓசூரிலிருந்து ஜீப்பில் வந்து புழுதி கிளப்பிவிட்டுப் போகிற அதிகாரி, எல்லாருக்கும் அதே பார்வைதான். அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஊரில் அப்படிப் பார்க்கத் தகாத ஆள் யார் என்று யோசித்தால் சட்டென்று ஒரு பெயரும் கிடைக்காது.

தளிப் பக்கம் பிறந்தவள். பிறந்த வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, வாழ்க்கைப்பட்ட வீட்டில் தமிழ். மூன்று பாஷையிலும் ஆண்பிள்ளைகள் ஒரே மாதிரிதான் உளறுகிறார்கள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே கண்டுகொண்டாள். புருஷன் நாராயணப்பன் மட்டும் கொஞ்சம் தேவலை. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயத்தில், பெங்களூரில் ஒரு துரை விட்டுப்போன பழைய ஆஸ்டின் காரை அவர் வாங்கி வந்தார். கறுப்பு வண்டி. சுற்றுப்பட்ட கிராமங்களில் அது ஒன்றுதான் கார். வாங்கிய மறு வருஷமே அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. எதிரே வருவது எருமையா மணியக்காரரா என்று தெரியாத நிலைமை. டிரைவர் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. அந்நியன் கை வண்டியில் படக்கூடாது என்பார். அதனால் வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கி, பெண்டாட்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

கரை முழுக்க ஊர் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பொம்பளை கார் ஓட்டினால் மழை பெய்யாது என்று பூசாரி சொன்னார். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது. அதற்காக ஒருத்தனும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, மறந்துபோனதைப் போல இருந்துவிட்டார்கள். கெம்பம்மா ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். அவர் செத்துப்போன பிறகு தனியாக ஓட்டினாள். நாராயணப்பன் விட்டுப்போனது நிலம், கார், அப்புறம் தம்பி கங்கப்பன். முதல் இரண்டும் உபயோகமானவை.

அந்தக் காரில் செல்ஃப் என்று எல்லாரும் சொல்கிற ஸ்டார்ட்டர் மோட்டார் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து குமிழை இழுத்தால் மோட்டார் சுற்றி, இஞ்சினைச் சுற்றிவிடும். வண்டி கிளம்பும். கெம்பம்மாவின் தைரியம், திமிர், ஊர் வாயில் விழுந்த இன்னும் எத்தனையோ, எல்லாம் அந்தக் குமிழை நம்பித்தான் இருந்தன. செல்ஃப் இல்லாவிட்டால் முன்னால் போய் நின்று ஹாண்டிலைச் சொருகிக் கையால் சுற்ற வேண்டும்.

நாராயணப்பன் போன மறு வருஷத்திலிருந்து செல்ஃப் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இழுத்தால் எடுக்கும், ஒரு நாள் கரகரவென்று பல்லைக் கடிக்கும். அப்படிக் கடிக்கிறபோது வண்டியை டாப் கியரில் போட்டு, கதவைத் திறந்து, தோள் கொடுத்து ஒரு சாண் நகர்த்திவிட்டு மறுபடி இழுத்தால் எடுத்துக்கொள்ளும். பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கெம்பம்மாவே இறங்கி ஹாண்டிலைச் சுற்றினாள். இஞ்சின் எதிர்ப்பக்கமாக ஒரு உதை உதைத்தது. மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட வைத்தியர் அதைக் கோணலாகவே சேர்த்துவைத்தார். அந்தக் கையில் ஸ்டியரிங் பிடிக்கலாம், ஹாண்டில் சுற்ற முடியாது.

கங்கப்பனுக்கு அன்றைக்குத்தான் பிறவிப் பயன் கிடைத்தது. அதுவரை அவன் செய்த வேலை என்று சொல்ல, மீசை வளர்த்தது ஒன்று உண்டு. இனி அவன் ஹாண்டில்காரன். அண்ணி கிளம்ப வேண்டும் என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டும். வருவான். துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டுவான். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்ப்பான். தெருவில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்து, ஆள் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய்ப்பான். அதற்கப்புறம்தான் சுற்றுவான். இஞ்சின் பிடித்ததும் ஹாண்டிலை உருவிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வான். வழியில் வண்டி நின்றால் யார் சுற்றுவது? ஆகவே அவள் போகிற இடமெல்லாம் அவனும் போனான். இரவில் ஹாண்டிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். பண்ணையாட்கள் யாராவது தொட வந்தால், "அண்ணி கையப் பாத்தியா? அப்புறம் உன் இஷ்டம்" என்பான்.

சம்பளத்துக்கு வேறு ஒருவனை வைத்துக்கொள்ளலாமே என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். ஒரு கங்கப்பனை விரட்டிவிட்டு இன்னொரு கங்கப்பனை உட்கார வைப்பதற்கு யோசனை வேறு வேண்டுமா என்று கெம்பம்மா நினைத்தாள். பஸ் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. சூளகிரியில் இறங்கி, வராத பஸ்ஸுக்குக் காத்து நின்று, அதற்கப்புறம் மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். அந்த மாட்டுவண்டியையும் ஓர் ஆண்பிள்ளை ஓட்ட வேண்டும்.

அவள் முக்கியமாகப் போக வேண்டிய இடம் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருந்த மாந்தோப்பு. அது அவள் அப்பா கொடுத்தது, புகுந்த வீட்டுச் சொத்து இல்லை. அங்கே அவள் பேச்சுத்தான் பேச்சு என்று பத்திரம் சொன்னது. நடப்பு வேறாக இருந்தது. வருஷா வருஷம் பிஞ்சு விடுகிற மாசியில் வியாபாரி வெங்கடப்பன் தோப்புக்கு வருவார். அவருடைய ஆட்கள் காய் பறிக்கிற லட்சணம், கழியால் மரத்தை விளாசுவதுதான். காயோடு கிளையும் வரும். அடுத்த வருஷம் அந்தக் கிளையில் என்ன காய்க்கும்? கெம்பம்மா இந்த ஆளுக்குத் தோப்பை விடமாட்டேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் போவாள். வேப்பனப்பள்ளியிலேயே முனிவேல் என்று இன்னொரு வியாபாரி இருந்தார். அவரும் பெரிய மகான் இல்லை. ஆனால் அவருடைய ஆட்கள் மரத்தில் ஏறி, வலை கட்டிய தொரட்டியால் ஒவ்வொன்றாகப் பறிப்பார்கள்.

போகிற இடத்தில் வெங்கடப்பன் சிரிப்பார். கங்கப்பனும் அவரும் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து இளநீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்று ஆராய்வார்கள். இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகப் போய்க் காத்திருப்பாள். கங்கப்பன் எழுந்திருக்கிற வழியாக இருக்காது. வெயில் ஏறும், இறங்கும். தலைவலி வரும். கடைசியில் சரி, இந்த ஒரு வருஷம் பறித்துத் தொலையட்டும் என்று தலையை ஆட்டுவாள். தன் இரக்க குணம்தான் இப்படிக் கெடுக்கிறது என்று திரும்பி வருகிற வழியில் நினைத்துக்கொள்வாள்.

இந்த மாசிக்கு முன்னால் செல்ஃபைச் சரி செய்துவிடுவது என்று முடிவு செய்தாள். கங்கப்பனைக் கூப்பிட்டுச் சுற்றச் சொல்லி, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்த திம்மராயனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பெங்களூர் ரோட்டில் படுத்துவிடும் லாரிகளெல்லாம் அவனிடம்தான் வரும். அந்த மிதப்பு அவன் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கங்கப்பன் காப்பி கிளப்பைப் பார்த்து நடந்தான்.

திம்மராயன் பீடியை எடுக்காமலே பேசினான். "செல்ஃப் எதுக்கும்மா? ஆண்டில் போடத்தான் ஐயா இருக்காரே."

"அந்த ஐயாவைக் கழட்டத்தான் வந்திருக்கேன். வேலையப் பாரு."

அவன் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "பேட்டரி போயிருக்கும்."

"லைட்டப் போட்டுக்கிட்டு செல்ஃபை இழுத்தா வெளிச்சம் குறையவே இல்ல. பேட்டரி போயிருந்தா மங்கணுமா வேணாமா?"

திம்மராயனுக்கு இது தெரியாததில்லை. தெரிந்ததைப் பொம்பளைக்காக நினைத்துப் பார்ப்பானேன் என்று இருந்தான். இப்போது வேண்டாவெறுப்பாகப் பீடியை எறிந்துவிட்டுக் குனிந்தான். சுத்தியலின் பின்பக்கத்தால் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டி, "இப்ப இழுங்க" என்றான். இழுத்தாள். மோட்டார் ஒரு முனகு முனகிச் சுற்றி நின்றது. அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா? இவ்வளவுதான். எடுக்கலன்னா ஒருத்தனை விட்டுத் தட்டச் சொல்லுங்க."

"ஆண்டிலுக்கு ஒருத்தன் போதாதுன்னு சுத்தியலுக்கு ஒருத்தனா? கழட்டு."

கழற்றினான். மோட்டாரைப் பலகையில் வைத்து மூடியை எடுத்தான். பிறகு விரலை விட்டு வழித்து அவளிடம் நீட்டினான். கன்னங்கரேல் என்று பிசுபிசுத்தது. விளக்கெண்ணெய் வாடை. "யாரும்மா இதுல வண்டி மசகு பூசினது?"

கெம்பம்மாவுக்கு உடனே புரிந்தது. அந்தப் பக்கத்தில் அமாவாசையன்று மாட்டுவண்டி பூட்ட மாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் ஏறியிருக்கிற பழைய மசகைச் சுரண்டி எடுத்து, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் புதிதாகப் பூசி, கற்பூரம் காட்டுவார்கள். அண்ணன் செத்த பிறகு கங்கப்பன் காருக்கும் கற்பூரம் காட்ட ஆரம்பித்தான். காட்டித் தொலைக்கட்டும், வண்டி ஒன்றும் குறைந்துபோகாது என்று அவள் விட்டிருந்தாள். மசகுக் கலயத்தோடு அடியில் படுத்து, எங்கே எது சுற்றுகிறது என்று தடவித் தேடி, செல்ஃபின் தண்டில் அப்பியிருக்கிறான் என்று யார் கண்டது? அமாவாசை தவறாமல் அப்பியிருக்கிறான்.

"இந்தத் தண்டு காஞ்சு கெடக்கணும்மா," என்றான் திம்மராயன். "இந்தச் சின்னப் பல்சக்கரம் இதுமேல வழுக்கி ஓடிப் போயி இஞ்சின் சக்கரத்தக் கடிக்கணும். மசகு பூசினா புழுதியெல்லாம் ஒட்டிக்கும். பாதியில நிக்கும். அரைகுறையாக் கடிக்கும். பல்லு போச்சு பாருங்க."

பல் போயிருந்தது. நாய் மென்ற எலும்பைப் போல ஓரமெல்லாம் சிதைந்திருந்தது. மசகு உள்ளேயும் இறங்கியிருந்தது. தாமிர உருளையை உரசிக் கரண்டு கொடுக்கிற கார்பன் கட்டைகள் தேய்ந்து நகக்கண் அளவு மிச்சமிருந்தன. தாமிரத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் பள்ளமாகத் தட்டியது. கெம்பம்மா தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் ஆடியது. தாங்கிப் பிடிக்கிற பித்தளைப் புஷ் வட்டமாக இல்லாமல் நீளவாட்டில் தேய்ந்துபோயிருந்தது. தண்டு ஆடியதில் உள்ளே சுற்றுகிற பாகம் சுவரில் உராய்ந்து, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது. கம்பிச் சுற்றில் கருகல் வாடை அடித்தது.

"கார்பனை மாத்திப் போட்டா ஓடும்," என்றான்.

"எத்தனை நாளைக்கு?"

தோளைக் குலுக்கினான்.

"மாங்கா பழுக்குற வரைக்குமாவது ஓடுமா?"

"ஓடாது," என்று ஒப்புக்கொண்டான். "வேற மோட்டார்தான் போடணும்."

"போட்டா சரியாயிடுமா? வண்டிய ஒரு சாண் நகத்திட்டு இழுத்தா முன்னெல்லாம் எடுத்துக்கிட்டிருந்துச்சே. அது ஏன்?"

அவள் கேட்கக்கூடாது என்று அவன் நினைத்திருந்த கேள்வி அது. பதில் தெரிந்தவன் முகம் எப்படிக் கோணுமோ அப்படிக் கோணியது. ஹாண்டிலைச் சொருகி இஞ்சினை மெல்லச் சுற்றச் சுற்ற, மோட்டார் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து உள்ளே இருக்கிற பெரிய பல் வளையத்தைக் காட்டினான். பல் நன்றாக இருந்தது, நன்றாக இருந்தது, திடீரென்று ஓரிடத்தில் தின்றிருந்தது. மறுபடி நன்றாக இருந்து, நேர் எதிர்ப்பக்கம் வந்ததும் மறுபடி தின்றிருந்தது. நாலு சிலிண்டர் இஞ்சினை அணைத்தால் அது எப்போதும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். செல்ஃப் கடிப்பதும் அங்கேயேதான். எத்தனை புது மோட்டார் போட்டாலும் அந்தச் சொத்தைப் பல்லில் மாட்டித் தன் பல்லையும் உடைத்துக்கொள்ளும்.

"கியர்பாக்ஸை எறக்கி, வளையத்தச் சூடு பண்ணிக் கழட்டி, கால் சுத்து திருப்பிப் போடணும். அப்ப தேயாத பல்லு இங்க வந்துரும். பெரிய வேலைம்மா."

"சொல்லாம விட்டிருப்ப, இல்ல?"

அவன் டார்ச்சை அணைத்தான். விட்டிருப்பான். மோட்டாரை மட்டும் மாட்டி அனுப்பியிருப்பான். சித்திரையில் அது போன பிறகு, பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று பீடியைப் பற்ற வைத்திருப்பான். கெம்பம்மா வளையத்தைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் கங்கப்பன் ஹாண்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் விட்டால் திருடிவிடுவார்களாம். அவள் மசகைப் பற்றிக் கேட்டாள்.

"ஆமா அண்ணி, நான்தான் பூசினேன்," என்றான் பெருமையாக. "சுத்துற சாமான் காஞ்சு கெடக்கலாமா? அண்ணன் இருந்தப்பவே கவனிக்காம விட்டுட்டாரு. அமாவாசைக்கு அமாவாசை விளக்கெண்ணெய் செலவு பாக்காம நான்தானே பாத்துக்கிட்டேன்."

கெம்பம்மா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். வேண்டுமென்றே கெடுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். சூழ்ச்சி செய்வதற்கும் மண்டையில் ஏதாவது இருக்க வேண்டும். இந்த முகத்தில் அதற்கான அடையாளமே இல்லை. பக்தியாகவே கெடுத்திருக்கிறான். தான் முடங்கிக் கிடந்தது அவன் புத்திசாலித்தனத்தால் அல்ல, அவன் எண்ணெய்க் கலயத்தால் என்பது அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

திம்மராயன் பெங்களூரில் பழைய சாமான் விற்கிற தெருவிலிருந்து ஒரு மோட்டார் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். போய்ப் பார்த்தாள். கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. மூடியைக் கழற்றச் சொன்னாள். கார்பன் மட்டும் புதுசு, தாமிரத்தில் பழைய பள்ளங்கள் அப்படியே.

"பொணத்துக்குப் பவுடர் போட்டுக் கொண்டாந்திருக்கியே," என்றாள்.

அடுத்து வந்தது பார்க்கச் சகிக்காத சாமான். துருவும் அழுக்கும் அடையடையாக இருந்தது. எந்த வண்டியிலிருந்து எப்போது கழற்றினார்களோ. ஆனால் தண்டு ஆடவில்லை. தாமிரம் நகத்துக்குத் தட்டாமல் வழுவழுப்பாக இருந்தது. பல்லின் ஓரம் மழுங்கவில்லை. தண்டைக் கையால் சுழற்றினால் சின்னச் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் நின்று, விட்டதும் திரும்பி வந்தது. இதைப் போடு என்றாள். பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டான். அவள் பார்த்த பார்வையில் பெயின்ட் டப்பாவை மூடி வைத்தான்.

மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தாள். ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். பிடித்தது. திம்மராயன் முன்னால் அழுது தொலைக்கக்கூடாது என்று ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுக் கிளம்பினாள்.

கங்கப்பனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, நம்பவும் இல்லை. தோப்புக்குப் போகிற நாள் காலையில் துண்டும் ஹாண்டிலுமாக வாசலில் வந்து நின்றான். அவள் குமிழை இழுக்க, வண்டி எடுத்தது. "காத்தால குளிர்ல எடுக்கும் அண்ணி," என்றான் முன் சீட்டில் ஏறிக்கொண்டே. "வெயில்ல இஞ்சின் சூடாயிட்டா செல்ஃப் ஒண்ணும் பண்ணாது. ஆண்டில்தான். நான் எத்தனை பாத்திருக்கேன்." அவன் பார்த்தது உத்தனப்பள்ளியில் இருந்த ஒரே காரை. அதையும் கெடுத்தவன் அவன். இறங்கு என்று சொல்ல வாயெடுத்தவள், பேசிப் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டாள்.

தோப்பில் வெங்கடப்பன் பாய் விரித்து வைத்திருந்தார். கெம்பம்மா வண்டியை மரத்தடியில் நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். கங்கப்பன் பாயில் போய் உட்கார்ந்து, ஹாண்டிலை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு இளநீரை வாங்கினான்.

அவள் உட்காரவில்லை. "இந்த வருஷம் கழி போட்டு அடிக்கக்கூடாது," என்றாள். "மரத்துல ஏறி வலைத் தொரட்டியிலதான் பறிக்கணும். ஒரு கிளை முறிஞ்சாலும் அன்னைக்கே நிறுத்திருவேன். ஒத்துக்கிட்டா மேற்கொண்டு பேசலாம். இல்லன்னா முனிவேலுகிட்ட போறேன்."

வெங்கடப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெலுங்குக்காரர், மரியாதையாகத்தான் சிரித்தார். "கூர்ச்சோண்டி அம்மா. உக்காருங்க. வலையும் தொரட்டியுமா பறிச்சுக்கிட்டிருந்தா ஆடி வந்துரும். எதுக்கு இந்தக் கோவம்? போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க, சாயங்காலம் ஒத்துக்கலையா? ஆண்டில் கங்கப்பண்ணா மடியில கெடக்குது. நீங்க எங்க போயிருவீங்க?"

கங்கப்பன் இளநீரிலிருந்து வாயை எடுக்காமல் தலையை ஆட்டினான்.

"அண்ணாவே சொல்லியிருக்காரும்மா," என்று வெங்கடப்பன் அவளைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி தொடர்ந்தார். "வெயில்ல கொஞ்ச நேரம் உக்கார வெச்சா போதும், அண்ணி தானா வழிக்கு வந்துருவாங்கன்னு. வருஷா வருஷம் அப்படித்தானே நடக்குது? உக்காருங்க, எளநி குடிங்க."

கெம்பம்மா அப்படியே நின்றாள். இரக்க குணம் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாளே, அது இதுதானா? இவர்கள் பாயில் உட்கார்ந்து வெயில் இறங்குவதற்குக் காத்திருந்திருக்கிறார்கள். மாட்டைக் கட்டிப்போட்டுப் பட்டினி போடுகிற மாதிரி அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவளும் தலையை ஆட்டிவிட்டு, தான் பெரிய மனசுக்காரி என்று வீடு திரும்பியிருக்கிறாள். ஊரையே அற்பம் என்று பார்த்தவளுக்குத் தன் லட்சணம் தெரியாமல் போயிற்றே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

திரும்பி நடந்து வண்டியில் ஏறினாள். குமிழை இழுத்தாள். உச்சி வெயிலில், சூடாகிக் கிடந்த இஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்தது.

கங்கப்பன் வாயில் இளநீரோடு எழுந்து நின்றான், விழுங்கத் தோன்றவில்லை. வெங்கடப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கதவில் ஒரு கை வைத்தபடி வண்டியோடு கூடவே ஓடினார். "அம்மா, அம்மா, நில்லுங்க. வலைத் தொரட்டியே போட்டுக்கலாம். ஏறியே பறிக்கச் சொல்றேன். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் ஏறி உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டு கியரை மாற்றினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். எடுக்காவிட்டால் விழுந்திருப்பார், அதைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டு முற்றத்தில் கட்டிலில் படுத்திருந்த முனிவேல், கார் வந்து நிற்கவும் பதறி எழுந்து பக்கத்து சீட்டில் யார் என்று குனிந்து தேடினார். யாருமில்லை என்று தெரிந்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் திண்டாடினார். அவரும் ஆண்பிள்ளைதானே. ஆனால் மரத்தில் ஏறிப் பறிக்க ஒத்துக்கொண்டார், கிளை முறிந்தால் நிறுத்தலாம் என்பதற்கும் ஒத்துக்கொண்டார். பேச்சு முடிந்து அவள் கிளம்பும்போது இன்னும் வெயில் இறங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கங்கப்பன் வீடு வந்து சேர்ந்தான். தோப்பிலிருந்து ரோடு வரைக்கும் நடந்து, பஸ் மாறி, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருக்கிறான். கால் முழங்கால் வரை செம்மண். ஹாண்டிலைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்திருந்தான். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீசைகூடத் தொங்கிப்போயிருந்தது.

"என்னைய அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களே அண்ணி," என்றான். "நான் எப்படி வருவேன்னு ஒரு வார்த்தை நெனச்சுப் பாத்தீங்களா?"

கெம்பம்மா சோற்றுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"ஆண்டில் உங்கிட்டத்தானே இருந்துச்சு கங்கப்பா," என்றாள். "அதைச் சுத்திக்கிட்டே வந்துருவேன்னு இருந்துட்டேன். போயி கால் கழுவிட்டு வா, சோறு ஆறுது."